இடக்கைக்காரிக்கு ஒரு கிளவுஸ்

உடற்கல்வி ஆசிரியராக இந்த வருஷம் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மைதானத்தில் கோடு போடுவது, பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போவது, யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று அது ஒரு பெரிய பாடம். அதையே திரும்பச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்கார முடியாமல் சனிக்கிழமையானால் விசிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஒரு டீச்சர் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு சீசனைப் பற்றித்தான்.

தென்காசிப் பக்கம் சீசன் என்றாலே குற்றாலத்தில் தண்ணி விழுதா என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது பேஸ்பால் சீசன். சிரிக்க வேண்டாம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்திய வருஷம் அது.

இந்த விளையாட்டை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. கபடியையும் வாலிபாலையும் சீனியர்கள் பிடித்துக்கொண்டார்கள், மிஞ்சியதை என் தலையில் கட்டினார்கள். விதி தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நிற்கப் பிடிக்காமல் போனில் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்துப் பார்த்துக் கடைசியில் பைத்தியமாகிவிட்டேன். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடியக்காலை. அடுப்பில் இட்லி வேகும், மேடையில் மிளகாய்ப்பொடி டப்பா மேல் சாய்த்து வைத்த போனில் ஆட்டம் ஓடும். நான் பிடித்துக்கொண்ட அணி அப்படியொன்றும் ஜெயிக்கிற அணி இல்லை. எழுந்து வரும்போதே என் வீட்டுக்காரர், “ஒன் ஆளுக இன்னைக்கும் தோத்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் காப்பிக்கு வருவார். தோற்றாலும் மறுநாளே இன்னொரு ஆட்டம் இருக்கும். கோடை தொடங்கி ஐப்பசி வரைக்கும் அநேகமாகத் தினமும் ஆடுவார்கள். அது எனக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த ஆட்டங்களில் நான் கண்கொட்டாமல் பார்ப்பது ஒன்று உண்டு. பந்து எறிகிற பிட்சர் தளர்ந்து போனால் அணியின் மேனேஜர் தானே நடந்து மைதானத்தின் நடுவுக்குப் போவார். நீ போறியா, இன்னும் எறிவியா என்றெல்லாம் பெரும்பாலும் கேட்கமாட்டார். கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியே போவான். சில பேர் உள்ளே போய்க் கோபத்தில் பெஞ்சை உதைப்பார்கள். அந்தக் கோபம் முழுக்க மேனேஜர் மேல்தான். மேனேஜர் அதைக் கண்டுகொள்ளாமல் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பார். என்ன மனுஷன் இவன் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு வருவோம். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது கிரிக்கெட். பேஸ்பாலில் பந்தை அடித்தால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அடுத்த மூலையில் கிடக்கிற பேஸ் என்ற சதுரத் திண்டைக் காலால் மிதிக்க வேண்டும். நம் பிள்ளைகள் மட்டையோடு ஓடுவார்கள். ஆவணி மாசத்துப் போட்டியில் ஒரு பிள்ளை அருமையாக அடித்துவிட்டு ஓடி, பேஸுக்கு ஒரு எட்டு முன்னாலேயே குனிந்து மட்டையை நீட்டி அதைத் தொட்டது. அவுட். ஆட்டமும் போயிற்று. நான் போட்ட சத்தத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு எண்ணெய் வழிய வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் நாலு எட்டு பின்வாங்கினார். அந்தப் பிள்ளை அழவில்லை. “பேட்ட வச்சிட்டேன்லா டீச்சர், பெறவு எப்படி அவுட்டு?” என்று என்னிடமே நியாயம் கேட்டது. அந்த எண்ணெய்க்காரரும் அதேதான் கேட்டார், எத்தனை ஓவர் மேட்ச் என்பதையும் சேர்த்து.

இந்த ஆட்டத்தில் ஃபீல்டிங் நிற்கிற அத்தனை பேருக்கும் தோல் கிளவுஸ் வேண்டும். எங்கள் பள்ளியிலும் செங்கோட்டைப் பள்ளியிலும் இருந்ததை ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒரு அணிக்குக் காணும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஃபீல்டிங் முடிந்து உள்ளே வருகிற பிள்ளை, தான் நின்ற இடத்திலேயே கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வரும். அடுத்து அங்கே நிற்க வருகிற எதிரணிப் பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்ளும். யார் கொண்டுவந்த கிளவுஸ் என்ற பேச்சே கிடையாது. வெளி மாவட்டக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது கோடு போடுவது மாதிரி ஆட்டத்தின் ஒரு பகுதி.

எங்கள் பிட்சர் இசக்கியம்மாள். பன்னிரண்டாம் வகுப்பு, நெட்டையான பிள்ளை, இடக்கைக்காரி. இடக்கையால் எறிகிறவள் கிளவுஸை வலக்கையில் போட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கிளவுஸ் எல்லாம் இடக்கைக்குத் தைத்தவை. அதை மாற்றிப் போட்டால் கட்டைவிரல் போகிற இடத்தில் சுண்டுவிரல் மாட்டிக்கொள்ளும், பந்து நிற்காது. அவள் அப்பா மிலிட்டரியில் இருக்கிறார். லீவில் வரும்போது மீரட்டில் தேடி, மகளுக்கென்று வலக்கைக் கிளவுஸ் ஒன்று வாங்கி வந்தார். அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று அது மட்டும்தான். இசக்கி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டு, தலைக்கு இப்படித் தடவினால் என்ன என்று அவள் அம்மா கேட்பாராம்.

செங்கோட்டைப் பிட்சர் அஜிதாவும் இடக்கைக்காரி. அவளுக்குக் கிளவுஸ் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு பள்ளியும் சேர்ந்து ஆடுவோம். வழக்கப்படி இசக்கி தன் கிளவுஸைப் பிட்சர் நிற்கிற இடத்தில் வைத்துவிட்டு வருவாள், அஜிதா வந்து எடுத்துக்கொள்வாள். ஒரே கிளவுஸுக்குள் இரண்டு பிள்ளைகளின் கையும் மாறி மாறிப் போய்வந்தது. சாரலிலும் சேற்றிலும் இரண்டு பேருமே தேறினார்கள். நான்கு மாசத்தில் அஜிதாவின் பந்தைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பயப்பட ஆரம்பித்தார்கள். நம்ம கிளவுஸப் போட்டே நம்மள அடிக்கா என்று எங்கள் பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி வந்தது. இறுதி ஆட்டம் நாங்களும் செங்கோட்டையும். குற்றாலம் ரோட்டு மைதானத்தில் தேர்வுக் குழுவினர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இடக்கைப் பிட்சரில் ஒருத்தியைத்தான் எடுப்போம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். இசக்கிக்கு அது கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டிக்குப் போன சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளியூரில் உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைக்கும். கிடைத்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தில் ஏதாவது காலேஜில் அம்மா கண்ணெதிரே படி என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவரும் லீவில் வந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி இன்னிங்ஸ். செங்கோட்டை பேட்டிங் முடித்தபோது எங்களைவிட ஒரு ரன் முன்னால் இருந்தது. இனி நாங்கள் அடிக்க வேண்டும், அஜிதா எறிய வேண்டும். மிலிட்டரிக்காரர் வேலியைச் சுற்றி என்னிடம் வந்தார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே இல்லை.

“டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதீங்க. அது ஸ்கூல் கிளவுஸ் இல்ல. என் பிள்ளைக்குன்னு நான் வாங்கினது. இந்த ஒரு தடவ அவ கையோட எடுத்துட்டு வரட்டும்.”

அவர் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தமும் தெரியும். சரியான கிளவுஸ் இல்லாத பிட்சர் முன்னால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் போதும். அவள் குனிந்து பந்தைப் பிடித்து எறிவதற்குள் எங்கள் பிள்ளைகள் பேஸில் நிற்பார்கள். ஒரு ரன் என்ன, மூன்று ரன்கூட எடுத்துவிடலாம். எங்கள் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். இசக்கிக்கும் தெரியும். அவள் பிட்சர் நிற்கிற இடத்திலேயே கிளவுஸைக் கழற்றாமல் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அஜிதா உள்ளே வந்து கொஞ்ச தூரத்தில் வெறுங்கையோடு நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். தூறல் வேறு.

என் பக்கத்தில் இருந்த சக டீச்சர், “பிள்ளைக்கிட்டயே விட்டுருங்க, அவ பொருளு, அவ முடிவு பண்ணட்டும்” என்று காதோரம் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முடிவைப் பிள்ளையிடம் விட்டால் என்ன ஆகும்? அவள் கிளவுஸை எடுத்துக்கொண்டு வந்து ஜெயித்தால், சனிக்கிழமை தோறும் கூட ஆடினவளை ஏமாற்றினோம் என்ற நினைப்பு அவளுக்கு. வைத்துவிட்டு வந்து தோற்றால், என் காலேஜை நானே கெடுத்துக்கொண்டேன் என்ற நினைப்பு அவளுக்கு. எப்படிப் பார்த்தாலும் பாரம் அந்தப் பிள்ளை தலையில். நமக்குச் சம்பளம் எதற்கு?

எனக்கு அந்த நேரம் விடியக்காலை போனில் பார்க்கிற மேனேஜர் ஞாபகம் வந்தார். அவர் ஏன் கேட்காமல் கையை நீட்டுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கோபப்படுவதற்கு அவர் தன்னைக் கொடுக்கிறார். ஆட்டக்காரன் தன்மேலேயே கோபப்பட்டால் மறுநாள் எறியமாட்டான்.

நான் மிலிட்டரிக்காரரிடம் சொன்னேன். “கிளவுஸ் உங்களுதுதான். ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குக் கொண்டு போங்க. கிரவுண்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது கிரவுண்டுது.” பிறகு அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே நடந்தேன். இசக்கி முன்னால் போய் நின்றேன்.

“வச்சிட்டு வாட்டி. நான் சொல்லுதேன்.”

அவள் கிளவுஸைக் கழற்றி, வைக்கவில்லை, பொத்தென்று சேற்றில் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய் மட்டையை எடுத்துக்கொண்டாள். அஜிதா அதை எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். நான் விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். இரண்டு பேர் பேஸில், இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்துவிடும். இசக்கி அடிக்க வந்தாள். ஒரு நல்ல அடி கிடைத்தால் ஜெயித்துவிடலாம். அவளுக்கு என் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் அந்த அடியில் இறங்கியது. பந்து நேராக எறிந்தவளையே பார்த்துப் போயிற்று. அஜிதாவுக்கு நகர நேரமில்லை. முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். பந்து கிளவுஸுக்குள் சிக்கிக்கொண்டது.  அவளே கிளவுஸைப் பிரித்துப் பார்த்துத்தான் பந்து உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டாள்.

தோற்றோம். அந்தக் கிளவுஸ் கையில் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை முகம் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் காட்டி என் முடிவு சரி என்று உங்களிடம் நிரூபிக்க நான் வரவில்லை. முடிவு எடுத்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. அஜிதா பிட்சராக இல்லாமல் தள்ளி இரண்டாவது பேஸில் நிற்கிறவளாக இருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இசக்கி பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன், தள்ளி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அஞ்சு வருஷம் கூடவே இருந்த பிள்ளை. ஆனாலும் கோபம் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று ஒரு ஆறுதல்.

தேர்வுக் குழுத் தலைவர் பெயர்களைப் படித்தார். பிட்சர் அஜிதா. இசக்கியின் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களில் ஓர் இடத்துக்கு மட்டும் இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை என்றார். அப்புறம் அவரே எழுந்து என்னிடம் வந்து, மாநிலப் போட்டியில் யாரும் கிளவுஸ் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள், அவரவர் கொண்டுவர வேண்டும், அதனால் அந்த வலக்கைக் கிளவுஸை அஜிதாவுக்கு இரவல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆட்டம் முடிந்துவிட்டது, இனி அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சொந்தக்காரி அங்கே இருக்கிறாள், அவளிடமே கேளுங்கள் என்றேன்.

அவர் கேட்டார். இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“கிளவுஸ் தாரேன் சார். ஆனா அது தனியா வராது. நானும் கூட வருவேன்.”

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறாளோ என்று. அந்தப் பிள்ளை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது, நான் எங்கே சொல்லிக் கொடுக்க என்றேன். ஆனால் நல்ல பந்து வரும்போது சும்மா நிற்கவும் எனக்குத் தெரியாது. ஒரே பிட்சரை வைத்து எத்தனை ஆட்டம் ஆடுவீர்கள், அஜிதா கை தளர்ந்தால் யார் எறிவார்கள், மாற்றுப் பிட்சர் வேண்டாமா என்று கேட்டேன். அஜிதா தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கிட்டே வந்தாள். “அவ வந்தா எனக்குத் தைரியமா இருக்கும் சார்” என்றாள். குழுவினர் மேஜைக்குப் போய்த் தலையைச் சேர்த்துப் பேசினார்கள்.  கடைசிப் பெயராக இசக்கியம்மாள் என்று படித்தபோது, பேட்டை நீட்டி அவுட் ஆன பிள்ளைதான் முதலில் விசிலடித்தது. அது என் விசில்.

அந்தச் சான்றிதழில் கல்லூரி இடமும் கிடைத்தது, இசக்கி இப்போது உடற்கல்வி படிக்கிறாள். கூடிய சீக்கிரம் உங்களோடு வேலைக்கு வருவாள், ஜாக்கிரதையாக இருங்கள். என்னோடு அவள் சரியாகப் பேச ரொம்ப நாள் ஆயிற்று. இப்போதும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நீங்க சொன்னது தப்புதான் டீச்சர் என்பாள். சரிட்டி என்று விட்டுவிடுவேன்.

மாவட்ட அணி மாநிலப் போட்டிக்குக் கிளம்பின சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். மிலிட்டரிக்காரரும் வந்திருந்தார். மறுநாள் அவருக்கும் லீவு முடிகிறது. அந்த ஆட்டத்துக்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன், அவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். செங்கோட்டையிலிருந்து வருகிற வண்டிக்குச் சிக்னல் ஆன பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

“அந்த செங்கோட்டப் பிள்ளையக் கொஞ்சம் கூப்பிடுங்க டீச்சர்.”

எதற்கென்று தெரியாமல், கொஞ்சம் பயத்தோடுதான் கூப்பிட்டேன். அஜிதாவும் பயந்துகொண்டேதான் வந்தாள். வலது கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். தன் கையை அதன் மேல் வைத்து, விரல் நுனியெல்லாம் எது வரைக்கும் வருகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். ரயில் சத்தம் கேட்டு மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள். அவர் அவசரப்படவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நம்ம பிள்ளைய விட ஒரு விரக்கடை பெருசு, டீச்சர். மீரட்ல கெடைக்கும்.”